காரில் ஏர் லாக்: அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதமும் இந்த வேலை ஓயாது. ஊரிலேயே ரேடியேட்டரைக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டைப் புதிதாக ஊற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பியிருப்பார்கள். மேட்டுப்பாளையம் வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். கல்லாறு தாண்டி வளைவுகள் ஏறத் தொடங்கியதும் சிவப்பைத் தொட்டுவிடும். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது. உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும். இதுதான் ஏர் லாக்.

காற்றை எடுப்பது பெரிய வித்தை இல்லை, வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆனால் கூலன்ட் மாற்றிய பிறகு ஒருமுறை காற்று நிற்பதுதான் இயல்பு. ஒழுங்காக எடுத்த பிறகும் திரும்ப வருகிறது என்றால் எங்கிருந்தோ நுழைகிறது. நுழையும் வழியை அடைக்காமல் வாராவாரம் ஏர் எடுத்துக்கொண்டே ஓட்டினால், கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

## மூடியில் கை வைக்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கூலன்ட் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் காத்திருங்கள். கை பொறுக்கும் சூட்டில், மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம்.

சாவியை அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும். விரல், துண்டு, துப்பட்டா எல்லாம் தள்ளியே இருக்கட்டும். இறக்கிய கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும்; அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

அடுத்து, உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். ரேடியேட்டர் தலையில் உலோக மூடியும் பக்கத்தில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவும் இருந்தால் முதல் வகை. மாருதி 800, பழைய ஆல்டோ எல்லாம் இப்படி. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், திருகுமூடி போட்ட டேங்க் மட்டும் இருந்தால் இரண்டாம் வகை; போலோ போன்றவை. முதல் வகையில் ரேடியேட்டர் கழுத்தில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவை மட்டும் நிரப்பிவிட்டு "கூலன்ட் ஃபுல்லா இருக்குண்ணே" என்று வருபவர்கள் நிறைய. டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும்.

ஹைப்ரிட் கார், எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள கார், டர்போவுக்குத் தனிப் பம்ப் வைத்த கார் என்றால் கீழே உள்ள முறையை முயலவேண்டாம். அவற்றில் பல மாடல்களில் ஸ்கேனர் போட்டுப் பம்பை ஓட்டித்தான் ஏர் எடுக்க முடியும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

## ஏர் எடுக்கும் அடிப்படை முறை

எல்லா அறிகுறிக்கும் இதுதான் முதல் வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிற்கட்டும். கூலன்ட் ஊற்றும் வாய்தான் முழு அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும், காற்று அங்கேதான் ஏறிவரும். மேடு கிடைக்காவிட்டால் முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஏசி அணைந்திருக்கட்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதே இல்லை, அதனாலேயே இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். ஹீட்டருக்கு வால்வு உள்ள கார்களில் குமிழ் குளிரில் இருந்தால் ஹீட்டர் கோருக்குள் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) கூலன்ட் போகாது, அங்கிருக்கும் காற்றும் அசையாது.

கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகக் கவிழ்த்தால் கீழிருக்கும் காற்று மேலே வர வழியில்லாமல் அடைபடும். ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் மேல் ஹோஸைப் பால் கறப்பதுபோல அமுக்கி அமுக்கி விடுங்கள். குளுக் குளுக் என்று குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

சில கார்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) உறையின் மேலோ ஹீட்டர் ஹோஸிலோ ரேடியேட்டர் மூலையிலோ ஏர் எடுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்தினால் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பிக் கூலன்ட், பிறகு அறாமல் ஒரே சீராக வரும். சீராக வந்ததும் மூடுங்கள். பித்தளையோ பிளாஸ்டிக்கோதான், முறுக்கினால் தலை உடைந்து கையோடு வந்துவிடும்.

இப்போது மூடி போடாமல், கழுத்தில் இறுக்கமாக உட்காரும் புனலை வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். புனலில் கொஞ்சம் கூலன்ட் நிற்கட்டும். பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் திடீரென்று சுடும். ஊற்றி நிரப்புங்கள். ஆக்ஸிலரேட்டரை 2000 ஆர்.பி.எம். சுமாருக்கு அரை நிமிடம் பிடித்து விடுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டாம் வகை டேங்க் வண்டிகளில் சூடானபின் பொங்கும். மேக்ஸ் கோடு வரை ஊற்றி, சூடு ஏறத் தொடங்கியதும் மூடிவிடுவது நல்லது.

வேலை இத்துடன் முடியவில்லை. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றுங்கள். அதற்கடுத்த நாளும் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால்தான் காற்று போய்விட்டது.

பலரும் விட்டுவிடும் ஒரு கணக்கு உண்டு. பழைய கூலன்டை இறக்கும்போது அளவு போட்ட கேனில் பிடியுங்கள். முன்பு முழுதாக இருந்த வண்டியில் 4 லிட்டர் இறங்கி, 3 லிட்டர் மட்டும் ஏறினால், மிச்ச 1 லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. எந்த மீட்டரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

கலப்பதற்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாயும் ஹீட்டர் கோரும் அடைக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

## அறிகுறி: முள் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

கூலன்ட் மாற்றிய ஓரிரு நாளில் இப்படி என்றால் கிட்டத்தட்டக் காற்றுதான். சென்சார் இருக்கும் இடத்தைக் குமிழி கடக்கும்போது முள் ஆடுகிறது. அடிப்படை முறையை ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள்.

முள்ளே இல்லாத கார் என்றால் சிவப்பு விளக்கு எரியும்வரை எதுவும் தெரியாது, எரிந்தபின் தாமதம். கோளாறு கண்டறியும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று வாங்கி வைத்தால் போனிலேயே டிகிரி தெரியும். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள்.

ஏர் எடுத்தும் முள் ஆட்டம் நிற்காவிட்டால் தெர்மோஸ்டாட் பொருத்திய விதத்தைப் பாருங்கள். அதன் தட்டில் குட்டி ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், அந்த ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் பின்னால் தேங்கிய காற்று தப்பிக்கும். கீழ்ப்பக்கம் போட்டால் ஒவ்வொரு முறையும் அங்கே காற்று நிற்கும்.

## அறிகுறி: டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம், ஹீட்டரில் குளிர்காற்று

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளவ் பாக்ஸ் பக்கத்தில் சலசலவென்று கேட்கும். ஹீட்டர் கோரில் காற்று. ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்: ரேஸ் செய்தால் சூடான காற்றும் ஐடிலிங்கில் குளிர்காற்றும் வந்தால் கூலன்ட் குறைவு, ஏர் எடுத்தால் தீரும்.

எடுத்தும் குளிர்தான் என்றால், எஞ்சின் சூட்டில் இருக்கும்போது டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொடுங்கள்.

இரண்டும் சூடு: கூலன்ட் ஓடுகிறது. உள்ளே காற்றைத் திருப்பும் மடல் அல்லது கேபிள் கோளாறு. எஞ்சினுக்கு ஆபத்தில்லை.

ஒன்று சூடு, ஒன்று குளிர்: வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூள் போட்ட வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வழியில் மாட்டிக்கொண்டவர் ஊர் போய்ச் சேர மஞ்சள்தூள் உதவியிருக்கலாம். ஊர் வந்ததும் கழுவாமல் விட்டால் அது கோரின் மெல்லிய குழாய்களில் கட்டிப்போய்விடும்.

இரண்டும் குளிர்: முன்பு யாராவது கோரைத் துண்டித்து ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் பெரிய குமிழி இருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை.

முன்சீட்டுக் கார்ப்பெட் ஈரம், காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்போலப் பனிமூட்டம் மூன்றும் சேர்ந்தால் கோர் ஒழுகுகிறது. டேஷ்போர்டைக் கழற்றும் வேலை, பட்டறைக்கு விடுங்கள்.

## அறிகுறி: முள் சிவப்பில், ஃபேன் ஓடவில்லை

ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏர் லாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு ஓடாவிட்டால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் காற்றில் நின்றால் சரியான சூட்டைச் சொல்லாது. முதலில் ஏர் எடுங்கள், பிறகு சென்சார் பிளக்கில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள், கடைசியாகச் சென்சாரை மாற்றுங்கள். ஃபேனை டைரக்ட் ஒயர் போட்டு எப்போதும் ஓடவிடுவதை நான் ஒப்புவதில்லை. கோளாறு மறைந்துகொண்டு வளரும்.

## அறிகுறி: எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது

சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கே வரவில்லை. காற்றுக் குமிழி தெர்மோஸ்டாட்டை மூடிக்கொண்டால் அதன் மெழுகுக்குச் சூடு ஏறாது, திறக்காது. ஏர் எடுங்கள். சரியாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்த டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்ருங்கண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு அது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதோடு பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சமவெளியில் தெரியாது, ஏற்றத்தில் கொதிக்கும்.

தெர்மோஸ்டாட் நல்லது என்றால் வாட்டர் பம்ப். அதன் அடியிலுள்ள சிறு துளையில் காய்ந்த கூலன்ட் கோடு தெரிந்தால் சீல் போய்விட்டது. பம்பை டைமிங் பெல்ட் ஓட்டும் எஞ்சினில் நீங்களாகக் கழற்றாதீர்கள். டைமிங் மாறிப்போனால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

## அறிகுறி: டப்பா நிரம்பி வழிகிறது, ரேடியேட்டர் காலி

இது முதல் வகைக் கார்களின் கதை. சூட்டில் விரியும் கூலன்ட் மூடி வழியாக டப்பாவுக்குப் போகும். ஆறும்போது அதே மூடியின் நடுவிலுள்ள குட்டி வால்வு வழியாகத் திரும்ப இழுக்கப்படும். போவது மட்டும் நடந்து, திரும்புவது நடக்காவிட்டால் ரேடியேட்டரில் காற்று நிற்கும்.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா? நடுவிலுள்ள தட்டை நகத்தால் இழுத்துவிட்டால் துள்ளி ஒட்டுகிறதா? வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் அந்தக் குட்டி வால்வு இறுகிவிட்டது. மூடியில் பொறித்திருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிது வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

மூடி சரி என்றால் கழுத்துக்கும் டப்பாவுக்கும் நடுவிலுள்ள ஒல்லி டியூபைத் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் போதும், கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். டப்பாவுக்குள் டியூபின் நுனி கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும்.

அடுத்தது கிளிப்கள். ஓடும்போது ஒழுகாத தளர்ந்த கிளிப், ஆறும்போது காற்றை உள்ளே இழுக்கும். தரையில் சொட்டு விழாது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஹோஸ் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு தெரிந்தால் அந்தக் கிளிப்பை மாற்றுங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பையும் பாருங்கள், வயதான வண்டிகளில் அங்கே விரியும்.

## அறிகுறி: சமவெளியில் சரி, மலை ஏறினால் மட்டும் கொதிக்கிறது

உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குவது பொதுவாக 95-க்கு மேல். அப்படியென்றால், அழுத்தம் பிடிக்காத மூடியோடு வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டி, ஃபேன் ஓடும் முன்பே கொதிக்கும். கொதித்த ஆவியே புதுக் காற்றடைப்பாக மாறும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், நல்ல மூடி இரண்டும் சேர்ந்தால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும்.

எனவே வரிசை இது: மூடி, கூலன்ட் கலவை, ஏர், ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் சிக்கிய பூச்சி தூசு, கடைசியாக அடைத்த ரேடியேட்டர். சூடான வண்டியை அணைத்து, ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை நெருக்கமாக நகர்த்திப் பாருங்கள். சுற்றிலும் அனல், நடுவில் ஒரு இடம் மட்டும் குளிர் என்றால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

வளைவில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, கண்ணாடிகளை இறக்கி, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். முள் இறங்காவிட்டால் எஞ்சினை அணையுங்கள். அருவித் தண்ணீரைப் பிடித்து எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள், கொதிக்கும் ரேடியேட்டருக்குள்ளும் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும். வால்பாறையின் 40 வளைவானாலும் கொல்லிமலையின் 70 வளைவானாலும், அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் காத்திருப்பது ஹெட் வேலையைவிட மலிவு.

## அறிகுறி: எத்தனை முறை எடுத்தாலும் காற்று திரும்ப வருகிறது

மூடி, டியூப், கிளிப், பம்ப் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆனாலும் வண்டி தண்ணீர் குடிக்கிறது. இனி சந்தேகம் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் மேல். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

காலையில், முழுக்க ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்திலிருந்தே, சூடேறும் முன்பே, விடாமல் குமிழி வந்து, ரேஸ் செய்தால் அதிகமானால் கேஸ்கெட்தான். வெறும் ஏர் லாக் குமிழி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், இது அடங்காது. மறுநாள் மூடியைப் போட்டே ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஹோஸ் இன்னும் குளிராக இருக்கும்போதே விறைத்தால் அந்த அழுத்தம் சூட்டால் வந்ததில்லை.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறமா, சூடான பிறகும் சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையா என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளை நுரை இருந்தால் பயப்பட வேண்டாம். சின்னச் சின்னத் தூரம் ஓடும் வண்டியில் ஈரப்பதம் அப்படிப் படியும். டீசல் காரில் சூடே ஏறாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஈ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்கே திரும்பும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் பாகம்) விரிசலையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் என்று ஹெட்டை இறக்கிய பிறகு அது தெரியவந்தால் செலவு இரண்டு மடங்கு.

இந்தக் கட்டத்தில் வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்து கொண்டுபோங்கள். பட்டறையில் ஹெட்டை இறக்கும் முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் நீலத் திரவச் சோதனை; சிலிண்டரில் எரிந்த வாயு கலந்தால் திரவம் நீலத்திலிருந்து மஞ்சள் பக்கம் மாறும். மற்றொன்று, ஆறிய எஞ்சினில் பம்ப் அடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது.

ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும் என்றால் வெறும் கேஸ்கெட் மாற்றி மூடவிடாதீர்கள். சூட்டில் ஹெட் வளைந்திருக்கும். நேர்பட்டை வைத்துப் பார்த்து, தேவையென்றால் லேத்தில் ஃபேஸிங் போட்டுத் தளத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் முறுக்கக்கூடிய போல்ட் வகை என்றால் போல்ட்டும் புதிது வேண்டும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் அப்போதே மாறட்டும். வண்டியை எடுக்கும்போது எத்தனை லிட்டர் கூலன்ட் ஏறியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேனுவலில் போட்டிருக்கும் அளவைவிட ஒரு லிட்டர் குறைவு என்றால், மலை ஏறும் முன் அங்கேயே மறுபடி ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.